பெயர்கள் அழியாதிருக்க: சாந்தியாகோ உயர்மறைமாவட்டத்தின் தோழமைப் பணியகம்

பங்குகளில் பணியாற்றும் நமக்குப் பதிவேடுகள் பழகிப்போனவை. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்னும் மூன்று பதிவேடுகளில் ஒரு கிறிஸ்தவரின் வாழ்வு முழுவதும் சில வரிகளாய் அடங்கிவிடுகிறது. பிறந்தார், மணந்தார், இறந்தார் என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். ஆயினும் எந்தப் பதிவேட்டிலும் எழுத இயலாத மனிதர் சிலர் உளர். அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இறந்தார்கள் என்பதற்கும் சான்று இல்லை. அவர்தம் மனைவியர் மனைவியரும் அல்லர், கைம்பெண்களும் அல்லர். அவர்களுக்காக நிறைவேற்றப்படும் திருப்பலியை அடக்கத் திருப்பலி என்பதா, நலம் வேண்டும் திருப்பலி என்பதா என்று குருவுக்கும் தெரிவதில்லை.

நம் மொழியில் இவர்களைக் 'காணாமற்போனோர்' என்று எழுதிவந்தோம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமற்போகும். மேயச் சென்ற ஆடு காணாமற்போகும். ஆனால் நள்ளிரவில் வீடு புகுந்து, கண்ணைக் கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்ட மனிதர் காணாமற்போனவர் அல்லர், காணாமல் ஆக்கப்பட்டவர். ஈழத்துத் தாய்மார் இந்தச் சொல்லையே வற்புறுத்தி வருகின்றனர். செய்தவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல் மறைப்பதில்லை.

இக்கொடுமையை ஒரு நாட்டின் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அந்நாடு தென் அமெரிக்காவிலுள்ள சிலி. அத்திருச்சபை கையிலெடுத்த கருவி பேனாவும் தாளும்.

ஆட்சிக் கவிழ்ப்பும் பேராயரும்

1970-இல் தேர்தல் வழியே குடியரசுத் தலைவரான சால்வடோர் அயெந்தேயின் அரசை 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் கவிழ்த்தது. தலைநகர் சாந்தியாகோவிலிருந்த குடியரசுத் தலைவர் மாளிகைமீது போர் விமானங்கள் குண்டு வீசின. அயெந்தே அம்மாளிகையிலேயே உயிர் துறந்தார். தளபதி அகுஸ்தோ பினோசேயின் தலைமையில் இராணுவ ஆட்சி அமைந்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நகரின் தேசிய விளையாட்டரங்கம் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த சிறைக்கூடமாயிற்று.

சிலி நாட்டவருள் மிகப் பெரும்பான்மையோர் அக்காலத்தில் கத்தோலிக்கர். கைது செய்த வீரரும் கைதான தொழிலாளியும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்ந்தவர்கள். பொருளாதார நெருக்கடியாலும் அரசியல் பிளவுகளாலும் சலித்துப்போயிருந்த மக்களுள் பலர் இராணுவத்தை வரவேற்றனர்; ஆயர்கள் சிலரும் வரவேற்றனர். இதனை மறைத்துவிட்டு வரலாறு எழுதுதல் தகாது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பது அத்திருச்சபைக்குத் தானாய் அமைந்ததன்று. அது தேர்ந்துகொண்ட வழி. தேர்ந்தமைக்கு விலையும் கொடுத்தது.

சாந்தியாகோவின் பேராயராக அப்போது விளங்கியவர் கர்தினால் இராவுல் சில்வா என்ரீக்கெஸ். சலேசிய சபைத் துறவியான இவர் துறவு பூணுமுன் சட்டம் பயின்றவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பங்கேற்றவர். கவிழ்ப்பு நிகழ்ந்த அதே மாதத்தில் அவர் விளையாட்டரங்கம் சென்று கைதிகளைக் கண்டார். சட்டம் கற்ற உள்ளமும் மேய்ப்பரின் உள்ளமும் அவரிடம் ஒன்றுபட்டிருந்தன. அறிக்கைகள் மட்டும் போதா, அமைப்பு வேண்டும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

கலைக்கச் சொன்ன குழு

1973 அக்டோபரில் கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், மெதடிஸ்ட் சபையார், யூத சமயத்தார் முதலியோர் இணைந்து அமைதிக்கான ஒத்துழைப்புக் குழு ஒன்றைத் தோற்றுவித்தனர். கத்தோலிக்கத் துணை ஆயர் பெர்னாண்டோ அரிஸ்தியாவும் லூத்தரன் ஆயர் எல்முட் பிரென்சும் அதனை இணைந்து நடத்தினர். கைதானோரின் குடும்பங்களுக்குச் சட்ட உதவியும் உணவும் அளிப்பது அதன் பணி. 1974-இல் 'தீனா' எனப்படும் இரகசியக் காவற்படை முறைப்படி நிறுவப்பட்டது. அதன்பின் வெளிப்படையான கைதுகள் குறைந்து, காணாமல் ஆக்குதல் வழக்கமாயிற்று.

குழுவின் பணி ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1975-இல் வெளிநாடு சென்றிருந்த ஆயர் பிரென்ஸ் நாடு திரும்பத் தடை விதிக்கப்பட்டது. குழுவைக் கலைக்குமாறு பினோசே கர்தினாலுக்கு எழுதினார். கர்தினால் இசைந்தார், ஆயினும் அப்பணி திருச்சபையின் சொந்த அமைப்புகளில் தொடரும் என்பதையும் தெரிவித்தார். ஆண்டு இறுதியில் குழு கலைந்தது. 1976 சனவரி முதல் நாளன்று 'விக்கரீயா தெ லா சோலிதாரிதாத்', அதாவது தோழமைப் பணியகம், பிறந்தது.

இதிலிருந்த நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். பல சபைகள் சேர்ந்த குழுவை ஓர் ஆணையால் கலைத்துவிடலாம். பேராயரின் பதிலாளாக ஒரு குரு பொறுப்பேற்று நடத்தும் பணியகமோ உயர்மறைமாவட்டத்தின் உறுப்பு. அதன்மேல் கைவைப்பவர் திருச்சபையின்மேலேயே கைவைத்தவராவார். கத்தோலிக்க நாடொன்றின் ஆட்சியாளர் அதற்கு எளிதில் துணியமாட்டார். தன் செல்வாக்கைத் தன் பாதுகாப்புக்காகவே செலவிடும் சோதனை எல்லாத் திருச்சபைக்கும் உண்டு. சாந்தியாகோவில் அச்செல்வாக்குப் பிறருக்குக் கூரையாயிற்று.

எழுதும் பணி

நகரின் நடுச்சதுக்கத்தில், பேராலயத்தை அடுத்த கட்டடத்தில் பணியகம் இயங்கியது. மகனைத் தேடும் தாய், கணவரைத் தேடும் மனைவி என்று நாள்தோறும் மக்கள் அங்கு வந்தனர். வழக்குரைஞரும் சமூகப் பணியாளரும் அவர்களை அமரவைத்துக் கேட்டனர். கொண்டுசென்ற நாள் எது? நேரம் எது? வந்தவர் எத்தனை பேர்? வண்டி எத்தகையது? கண்டவர் யார்? அவர் சாட்சி சொல்வாரா? இவை அனைத்தும் வாக்குமூலமாக எழுதப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு திறக்கப்பட்டது. பின்னர் விடுதலையாகி வந்தவர்கள், இன்னாரை இன்ன முகாமில் கண்டோம் என்று கூறியவையும் அதே கோப்பில் சேர்ந்தன.

அடுத்த படி நீதிமன்றம். நம் நாட்டில் ஆட்கொணர்வு மனு என்று வழங்குவதற்கு இணையான மனு சிலிச் சட்டத்திலும் உண்டு. இன்னாரைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள், அவரை நீதிபதியின்முன் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். 1973 முதல் 1983 வரையிலான பத்தாண்டுகளில் அமைதிக் குழுவும் பணியகமும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களைத் தாக்கல் செய்தன. நீதிமன்றங்கள் ஏற்றவை ஏறத்தாழப் பத்து மட்டுமே.

நேர்மையற்ற நடுவரிடம் ஓயாமல் முறையிட்ட கைம்பெண்ணின் உவமையை லூக்கா நற்செய்தியில் படித்திருக்கிறோம். அந்நடுவராவது இறுதியில் சலித்து நீதி வழங்கினார். சாந்தியாகோவின் நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. அப்படியாயின் மனு எழுதியவர்கள் வீணாக உழைத்தார்களா?

இல்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, மனு தாக்கலானதும் பிடித்தவருக்கு ஒரு செய்தி எட்டுகிறது: இம்மனிதரின் பெயரை வெளியே அறிந்தோர் இருக்கிறார்கள். அடைத்தவர் கை சற்றே தயங்கினால் அதுவும் ஓர் உயிருக்குக் கிடைத்த காப்பு. இரண்டாவது, மனுவைத் தள்ளுவதாயினும் அதில் நீதிமன்றத்தின் முத்திரையும் தேதியும் விழுந்தாக வேண்டும். இம்மனிதர் இன்ன நாளில் பிடிபட்டார் என்று இன்ன நாளிலேயே ஒருவர் முறையிட்டார் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை. மூன்றாவது, யாரும் கேட்காத தாயின் சொல்லை ஒருவர் அமர்ந்து கேட்டு, பிழையின்றி எழுதி, படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுகிறார். அரசு பறித்த மாண்பில் ஒரு பகுதி அங்கேயே அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

பணியகம் ஏட்டுப் பணியோடு நின்றுவிடவில்லை. குடிசைப் பகுதிகளில் பொது உணவுக்கூடங்களுக்குத் துணைநின்றது. மருத்துவ உதவி அளித்தது. 'சோலிதாரிதாத்' என்னும் இதழை வெளியிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பப் பெண்கள் கந்தைத் துணிகளை ஒட்டுத் தைத்துத் தம் கதையைச் சித்திரமாக்கினர். 'அர்ப்பியேரா' எனப்படும் அச்சித்திரங்களைப் பணியகம் வெளிநாடுகளில் விற்றுக் கொடுத்தது. எழுதத் தெரியாத கைகளும் அங்கே சாட்சியம் பதித்தன.

லொங்கேன் சுண்ணாம்புக் காளவாய்

1975-இல் ஐக்கிய நாடுகள் அவையில் சிலியின் தூதர் ஒரு விளக்கம் அளித்தார். காணாமற்போனதாகச் சொல்லப்படுவோருள் பலர் சட்டப்படி இருந்தவர்களே அல்லர் என்பது அதன் கருத்து. கொல்வதோடு நில்லாமல், அவர் பிறக்கவே இல்லை என்று சொல்லும் துணிவு இது. பிறப்பை மறுப்போருக்குப் பதிவேடே மறுமொழி. பணியகம் காணாமல் ஆக்கப்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து, 'எங்கே அவர்கள்?' என்னும் தலைப்பில் ஏழு தொகுதிகளாக வெளியிட்டது. பெயரும் கைதான விதமும் குடும்பம் எடுத்த முயற்சிகளும் அவற்றில் வரிசையாக உள்ளன.

1978-இன் இறுதியில் முதியவர் ஒருவரின் வழியாகப் பணியகத்துக்கு ஒரு செய்தி எட்டியது. சாந்தியாகோவுக்கு அருகே லொங்கேன் என்னுமிடத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்களில் மனித எலும்புகள் கிடக்கின்றன என்பதே அது. நவம்பர் 30 அன்று துணை ஆயர் என்ரீக்கே ஆல்வியார் தலைமையில் குருவும் வழக்குரைஞர்களும் இதழாளர்களும் அங்கே சென்றனர். இதழாளர்களையும் உடனழைத்துச் சென்றது நல்ல முன்யோசனை. கண்டவர் பலராயின் மறைப்பது அரிது. கண்டதை உச்ச நீதிமன்றத்துக்கு அவர்கள் உடனே தெரிவித்தனர்.

1973 அக்டோபர் 7 அன்று இஸ்லா தெ மைப்போ என்னும் ஊரில் காவலர் பிடித்துச் சென்ற பதினைந்து பேரின் எலும்புகள் அவை. ஒரு குடும்பத்தில் தந்தையும் நான்கு மகன்களும். மற்றொரு குடும்பத்தில் தந்தையும் இரு மகன்களும். இன்னொன்றில் உடன்பிறந்தார் மூவர். மேலும் இளைஞர் நால்வர். ஐந்தாண்டுகளாக இவர்களின் பெண்கள் சிறைதோறும் அலைந்திருந்தனர். ஆய்வு செய்த நீதிபதி அடோல்போ பன்யாதோஸ், மோதலில் இறந்தார்கள் என்ற காவலரின் கூற்று நம்பத்தகாதது என்று கண்டார். ஆயினும் வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்கு மாறியது. 1978-இல் ஆட்சியாளர் தமக்குத் தாமே இயற்றிக்கொண்ட பொதுமன்னிப்புச் சட்டத்தின்படி குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். 1979 செப்டம்பரில் உறவினர் ஆலயத்தில் உடல்களுக்காகக் காத்திருக்க, எலும்புகள் அவர்களுக்குத் தரப்படாமல் பொதுக் குழியில் புதைக்கப்பட்டன. 1980-இல் காளவாய்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

ஆனால் ஒன்றை எவராலும் தகர்க்க இயலவில்லை. காணாமற்போனோர் என்போர் கற்பனை என்ற கூற்று அன்றோடு மடிந்தது. எலும்புகளுக்குப் பெயர் சூட்ட இயன்றதற்குக் காரணம், பெயர்கள் முன்னரே எழுதப்பட்டிருந்தமை. அவ்வெச்சங்களுள் பல பிற்காலத்தில் அறிவியல் முறையில் அடையாளம் காணப்பட்டு, 2010-இல் முறையாக அடக்கம் செய்யப்பட்டன.

ஏடுகளுக்காகச் சிந்திய இரத்தம்

பணியகத்தில் உழைத்தோர் அனைவரும் விசுவாசிகள் அல்லர். அதன் ஆவணப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹோசே மனுவேல் பராதா பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். வானூர்திப் படையின் உளவாளி ஒருவர் மனம் மாறி 1984-இல் அளித்த நீண்ட வாக்குமூலத்தை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1985 மார்ச் 29 காலையில் ஒரு பள்ளியின் வாயிலில், ஆசிரியர் மனுவேல் கெரேரோவுடன் அவர் கடத்தப்பட்டார். மறுநாள் இவ்விருவரும், முன்னரே பிடிபட்டிருந்த ஓவியர் சாந்தியாகோ நத்தினோவும் கழுத்தறுபட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். காவற்படையினரே கொன்றனர் என்பது வெளிப்பட்டதும் அப்படையின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 1994-இல் கொலையாளிகள் தண்டனை பெற்றனர். ஏடுகளைக் காத்த கடவுள் நம்பிக்கையற்ற மனிதர் திருச்சபையின் பணியில் உயிர் ஈந்தார். நல்ல சமாரியர் யார் என்று கேட்டால் சாந்தியாகோ மக்கள் தயங்காமல் விடை சொல்வார்கள்.

1980-களின் இறுதியில், பணியகத்தின் மருத்துவக் கோப்புகளை ஒப்படைக்குமாறு இராணுவ வழக்குத் தொடுநர் கட்டளையிட்டார். வதைபட்டு வந்தோரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. அப்போது பொறுப்பிலிருந்த ஆயர் செர்ஹியோ வாலெச் கொடுக்க மறுத்துவிட்டார். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காப்பது எவ்வாறு என்பதைக் குருக்கள் குருமடத்தில் கற்கிறார்கள். துன்புற்றவர் நம்பி ஒப்படைத்த இரகசியமும் அதே கண்டிப்போடு காக்கத்தக்கது என்பதை வாலெச் செயலில் காட்டினார்.

தள்ளப்பட்ட மனுக்கள் பேசின

1988 அக்டோபர் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பினோசேக்கு எதிராக வாக்களித்தனர். 1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது. புதிய அரசு அமைத்த உண்மை ஆணையம் 1991-இல் அறிக்கை அளித்தது. உயிரிழந்தோரும் காணாமல் ஆக்கப்பட்டோருமாக 2,279 பேரை அது பெயரிட்டது. பின்னர் அரசு ஏற்ற எண்ணிக்கை 3,000-ஐக் கடந்தது. ஆணையத்தின் பணிக்கு அடித்தளமானவை பணியகத்தின் கோப்புகள். வாலெச் ஆயரே 2003-இல் அமைந்த சிறை, சித்திரவதை பற்றிய ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்.

1999-இல் சிலியின் நீதித்துறை ஒரு புதிய வழியைத் திறந்தது. பிடித்துச் செல்லப்பட்டவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை எனில், ஆட்கடத்தல் என்னும் குற்றம் இன்னும் முடியவில்லை; முடியாத குற்றத்துக்கு 1978-இன் மன்னிப்புப் பொருந்தாது என்பதே அதன் வாதம். ஆனால் பிடித்துச் சென்றதற்குச் சான்று வேண்டுமே! கால் நூற்றாண்டுக்குமுன் நீதிமன்றங்கள் தள்ளிவிட்ட அந்த மனுக்கள் முத்திரையோடும் தேதியோடும் எழுந்து நின்றன. வழக்குகள் உயிர்பெற்றன, உயர் அதிகாரிகள் பலர் சிறை சென்றனர்.

பணியகம் 1992 இறுதியில் மூடப்பட்டது. ஏடுகளைக் காக்க உயர்மறைமாவட்டம் தனி நிறுவனம் ஏற்படுத்தியது. 2003-இல் யுனெஸ்கோ சிலியின் மனித உரிமை ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பணியகத்தின் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். பணி முடிந்துவிட்டதா? 2023-இல் சிலி அரசு தேசியத் தேடல் திட்டம் அறிவித்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோர் 1,469 பேரில் எச்சம் கண்டறியப்பட்டோர் 307 பேர் மட்டுமே.

கசப்பான ஒரு பக்கம்

இவ்வரலாற்றை இத்தோடு முடித்துப் பெருமிதம் கொள்ள நம் மனச்சான்று இடம் தரவில்லை. பணியகத்தின் முதல் பொறுப்பாளராய் இருந்து பலராலும் போற்றப்பட்ட குருவையே, பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் பேரில், 2018 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் குருத்துவ நிலையிலிருந்து நீக்கினார். அதே ஆண்டு மே மாதத்தில், குருக்களின் பாலியல் குற்றங்களைக் கையாண்ட விதம் குறித்து உரோமைக்கு அழைக்கப்பட்ட சிலி ஆயர்கள் அனைவரும் பதவி விலக முன்வந்தனர்.

அரசின் கொடுமைக்கு ஆளானோரை அமரவைத்துக் கேட்ட அதே திருச்சபை, தன் வீட்டுக்குள் காயம்பட்டோரை நெடுங்காலம் கேட்கவில்லை. முன்னையோர் சொன்னது எழுதப்பட்டது. பின்னையோர் சொன்னது அடக்கப்பட்டது. பராதாவின் தியாகம் இதனால் சிறுமையடையாது. அன்று காக்கப்பட்ட உயிர்களும் பொய்யாகிவிடமாட்டா. ஆனால் எளியோரைக் காக்கும் முறை ஒன்றே என்பது தெளிவாகிறது. குற்றம் செய்தவர் படைவீரராயினும் குருவாயினும், துன்புற்றவரைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும், உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். திருச்சபையின் நற்பெயருக்காக எழுதாமல் விடுபவர், பினோசேயின் நீதிபதிகள் செய்ததையே செய்கிறார்.

நம் கரையில்

இப்பணி தமிழ்த் திருச்சபைக்குப் புதியதன்று. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் ஒரு கணக்கை வைத்தார். அரசின் கச்சேரிப் பதிவுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 சூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு நேர்ந்தது என்ன? அவர்கள் அனைவரும் இறந்தனர் என்று அவர் சொல்லவில்லை. விளக்கம் தாருங்கள் என்றே கேட்டார். அரசின் ஏட்டையே அரசின்முன் விரித்த அம்முறை சாந்தியாகோவின் முறையே. 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து போராடும் பெற்றோருள் பலர் பிள்ளையைக் காணாமலே கண்மூடிவிட்டனர்.

நம் நாட்டிலும் 1976-ஆம் ஆண்டு நினைவிற்குரியது. சிலியில் பணியகம் பிறந்த அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017-இல் முற்றிலும் புறந்தள்ளியது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் அதே நீதிமன்றம், கைது செய்யும்போது நேரமும் நாளும் குறித்த குறிப்பு எழுதப்பட வேண்டும், சாட்சி கையொப்பமிட வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. எழுத்தே எளியவரின் கவசம் என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்த வழக்கில், பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சியஞ்சிச் சொன்னதை நீதித்துறை நடுவர் எழுதி அனுப்பியதையும் நாம் மறக்கவில்லை. கொலை வழக்குப் பதிய முகாந்திரம் உண்டு என்று மதுரை அமர்வு கூற அவ்வறிக்கையும் துணையாயிற்று.

ஆதலின் பங்குகளில் நாம் செய்யத்தக்கன சில உண்டு. ஒரு குடும்பம் அழுதுகொண்டு வந்தால், செபித்து அனுப்புவதோடு நில்லாமல், நாளும் நேரமும் கண்டவர் பெயரும் அன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம். பங்குப் பேரவையில் சட்டம் அறிந்த ஒருவரை இதற்கென நியமிக்கலாம். மறைமாவட்டச் சமூகப்பணி மையத்தில் வழக்குரைஞர் ஒருவர் குறித்த நாளில் அமரச் செய்யலாம். நம் நிறுவனங்களில் ஊறு நேர்ந்த சிறுவர்க்கும் பெண்களுக்கும் இதே வாயில் திறந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யலாம். நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்து முடித்தபின், கல்லறையே இல்லாதவர்களுக்காகச் சற்று நேரம் நின்று, உறவினர் எழுதிக் கொடுக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கலாம்.